கண் ஓரிடம், காது ஓரிடம்: மௌனத்திலிருந்து பேச்சுக்கு மாறிய காலத்து த்ரில்லர் படங்கள்

பழைய கறுப்பு வெள்ளை த்ரில்லர் படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. ஆரம்ப காலத்துப் படங்களில் ஒலி கிடையாது, அதனால் மிகையாக நடித்தார்கள், ஒலி வந்ததும் எல்லாம் இயல்பாகிவிட்டது என்பது முதல் கருத்து. 1929, 1930 வாக்கில் வந்த தொடக்ககாலப் பேசும் படங்கள் இரண்டுங்கெட்டான்கள், பாதி இடங்களில் சத்தமே இல்லை, மீதி இடங்களில் ஆட்கள் அசையாமல் நின்று பேசுகிறார்கள் என்பது இரண்டாவது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை அப்படியே நம்பிக்கொண்டு படம் பார்க்க உட்காருபவர், அந்தப் படங்களின் மிகச் சிறந்த கணங்களைக் குறை என்று எண்ணிக் கடந்துபோய்விடுவார் என்பதே என் கவலை. அந்தக் கவலைதான் இதை எழுதவும் வைத்தது.

சினிமாவைப் பாடமாகப் படிக்காத வாசகருக்காக எழுதுகிறேன். த்ரில்லர் என்ற சொல்லை, அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பையே தன் முதன்மையான இன்பமாகத் தரும் கதை என்ற பொருளில் மட்டும் இங்கே பயன்படுத்துகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இரண்டு இயக்குநர்களின் படங்களிலிருந்து வருகின்றன: லண்டனில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பெர்லினில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் லாங். மௌனப்படத்தில் கை தேர்ந்த பிறகு ஒலியை எதிர்கொண்டவர்கள் என்பதால் அந்த மாற்றத்தின் தடயங்களை இவர்களிடம் தெளிவாகக் காண முடிகிறது. கதைகளின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சமையலறையில் விழுந்த பாத்திரம்

இரவு பதினொரு மணிக்கு வீட்டில் தனியாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டு விழும் ஓசை கேட்கிறது. எழுந்து போய் விளக்கைப் போட்டு, மேடையிலிருந்து குதித்து ஓடும் பூனையைப் பார்த்துவிட்டால் பயம் அந்த நொடியிலேயே தீர்ந்துவிடும். ஓசை கேட்ட கணத்துக்கும் பூனையைக் கண்ட கணத்துக்கும் இடையே நீங்கள் நடக்கும் அந்தப் பத்தடி தூரத்தில்தான் திகில் முழுவதும் இருக்கிறது. அப்போது காதுக்கு ஒரு செய்தி வந்துவிட்டது, கண்ணுக்கு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது, பூனையைவிடப் பெரிய ஒன்றைக் கொண்டு.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நமக்கு உண்டு. கண்ணாடி சாத்திய பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது, சாலையோரத்தில் ஒருவர் இன்னொருவரை நோக்கிக் கையை ஓங்கிக் கத்துவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. உடனே நாம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அவர் முகத்தையும் உதட்டையும் எதிரில் நிற்பவரின் தோளையும் உற்றுப் பார்த்து, நடப்பதை ஊகிக்க முயல்கிறோம். குரல் கேட்டிருந்தால் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டோம்.

இந்த இரண்டு அனுபவங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மௌனப்பட த்ரில்லர் இரண்டாவதில் தேர்ந்தது. ஒலி வந்தபோது முதலாவதும் கைக்கு வந்தது. மாறுதல் காலத்தில் வேலை செய்த நல்ல இயக்குநர்கள் இரண்டையும் ஒரே படத்துக்குள் வைத்துப் பின்னினார்கள்.

மௌனப்படம் மௌனமாக ஓடவில்லை

முதலில் களைய வேண்டிய தவறான எண்ணம், மௌனப்படக் கொட்டகை அமைதியாக இருந்தது என்பது. படச்சுருளில் ஒலி பதிவாகியிருக்கவில்லை, அவ்வளவே. கொட்டகையில் பியானோவோ ஆர்கனோ பெரிய நகரமானால் ஒரு முழு இசைக்குழுவோ வாசித்துக்கொண்டிருந்தது. ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சொல்லி எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்த பென்ஷி என்னும் கதைசொல்லிகள் நடிகர்களுக்கு இணையான புகழோடு இருந்தார்கள். உரையாடலும் விளக்கமும் எழுத்து அட்டைகளாக வந்தன. எழுத்து அட்டை என்பது காட்சிகளுக்கு இடையே திரையில் காட்டப்படும் அச்சிட்ட வாசகம். நம் ஊர்க் கொட்டகைகளிலும் அந்த வாசகங்களை உரக்கப் படித்துச் சொல்ல ஆள் நின்றதைப் பழைய சினிமா வரலாறுகளில் படிக்கிறோம்.

ஆகவே மௌனப்பட இயக்குநருக்கு இசை இருந்தது. அவரிடம் இல்லாதது ஒரு குறிப்பிட்ட ஓசையைக் குறிப்பிட்ட கணத்தில் எல்லாக் கொட்டகைகளிலும் ஒரே மாதிரி ஒலிக்கச் செய்யும் அதிகாரம். அதனால் ஓசையைக் கண்ணுக்குக் காட்டும் வழிகளை அவர் தேடினார். இதற்கு மிக அழகான சான்று 1927-இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'த லாட்ஜர்'. லண்டனில் பொன்னிறக் கூந்தல் பெண்களை ஒருவன் கொன்றுகொண்டிருக்கிறான். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டின் மாடி அறைக்குப் புதிதாக ஒரு வாடகைக்காரர் வருகிறார். ஐவர் நொவெல்லோ ஏற்ற பாத்திரம் அது. அவர் மேலே ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறார். கீழே இருப்பவர்களுக்கு அந்தக் காலடி கேட்கிறது. இதை ஒலியில்லாமல் எப்படிச் சொல்வது?

ஹிட்ச்காக் முதலில் கூரையில் தொங்கும் விளக்கு ஆடுவதைக் காட்டுகிறார். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அடுத்து கூரையே கண்ணாடிபோல ஊடுருவித் தெரிய, அதன் மேல் முன்னும் பின்னுமாக நடக்கும் பாதங்களின் அடிப்புறம் தெரிகிறது. தடித்த கண்ணாடியால் ஒரு தளம் அமைத்து, அதன் மேல் நடிகரை நடக்கவிட்டு, கீழிருந்து படமாக்கிய காட்சி அது. நான் இதை முதன்முறை பார்த்தபோது ஒரு கண்கட்டு வித்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். சில முறை பார்த்த பிறகுதான், அந்தக் குடும்பத்தின் காதுக்குள் இருப்பதை அது நம் கண்ணுக்குக் காட்டுகிறது என்பது புரிந்தது. மனத்துக்குள் ஓடும் ஓசையை வெளியே கொண்டுவரும் இந்தப் பழக்கம் ஹிட்ச்காக்குக்கு ஒலி வருவதற்கு முன்பே கைவந்திருந்தது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஒலி எப்படிப் படத்தோடு சேர்ந்தது

'த ஜாஸ் சிங்கர்' 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்டதை ஒலியின் பிறந்தநாளாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் படத்தின் பெரும்பகுதி எழுத்து அட்டைகளோடுதான் ஓடியது. பாடல்களும் சில இடங்களில் பேச்சும் மட்டுமே ஒலித்தன. அதன் ஒலி படச்சுருளிலும் இல்லை, தனியே ஓர் இசைத்தட்டில் இருந்தது. வார்னர் நிறுவனம் பயன்படுத்திய வைட்டஃபோன் என்ற அந்த முறையில், ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும் ஆயிரம் அடிப் படச்சுருள் ஒவ்வொன்றுக்கும் 16 அங்குல இசைத்தட்டு ஒன்று உண்டு. தட்டில் குறியிட்ட இடத்தில் ஊசியையும், படச்சுருளில் குறியிட்ட இடத்தில் ஒளியையும் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். உதடு அசையும் நேரமும் குரல் கேட்கும் நேரமும் ஒன்றாக இருப்பதற்கு ஒத்திசைவு என்று பெயர். சுருள் எங்கேனும் அறுந்து, நாலைந்து சட்டகங்களை (சுருளில் வரிசையாக இருக்கும் தனித்தனிப் படங்களை) வெட்டி ஒட்டினால் ஒத்திசைவு போய்விடும். கதவு சாத்திய பிறகு சாத்தும் சத்தம் வரும்.

மற்றொரு முறையில் ஒலியையே படமாக எடுத்தார்கள். மைக்ரோஃபோனுக்குள் வரும் ஓசை மின்சார ஏற்றத்தாழ்வாகி, அந்த ஏற்றத்தாழ்வு ஓர் ஒளிக்கீற்றை அசைக்க, அது சுருளின் ஓரத்தில் மெல்லிய பட்டையாகப் பதிந்தது. இந்தப் பட்டைக்கு ஒலித்தடம் என்று பெயர். திரையிடும்போது ஒரு விளக்கு அந்தத் தடத்தின் வழியாகப் பாய்ந்து, ஒளியை மின்சாரமாக்கும் ஒரு குழலில் விழ, அங்கிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிறது. படமும் ஒலியும் ஒரே சுருளில் இருப்பதால் வெட்டி ஒட்டினாலும் இரண்டும் சேர்ந்தே வெட்டுப்படும். இந்த முறையே நிலைத்தது.

இதோடு இன்னொன்றும் மாறியது. மௌனப்படக் காலத்தில் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்பதற்குக் கண்டிப்பு இல்லை. கேமராவைக் கையால் சுற்றியவரும் கொட்டகையில் படம் ஓட்டியவரும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள், கண் அதைப் பொறுத்துக்கொண்டது. காது பொறுக்காது. மின்கலம் தீர்ந்துவரும் டேப் ரிக்கார்டரில் பாடகியின் குரல் ஆண்குரலாகி இழுபடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆகவே ஒலி வந்தபோது வேகம் நொடிக்கு 24 சட்டகங்கள் என்று நிலைபெற்றது. பழைய மௌனப்படங்கள் சில பிரதிகளில் துறுதுறுவென்று ஓடுவது நடிகர்களின் குற்றமே அல்ல. மெதுவாக எடுத்ததை வேகமாக ஓட்டுவதால் நேரும் கோளாறு அது.

சுருக்கமாக: ஒலி ஒரே நாளில் வரவில்லை. தட்டில் வந்தது, சுருளின் ஓரத்தில் வந்தது, சில படங்களில் பாதி மட்டும் வந்தது. ஒலிக்கருவி பொருத்திய அரங்குகளும் பொருத்தாத அரங்குகளும் சில ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இயங்கின.

பெட்டிக்குள் அடைபட்ட கேமரா

ஆரம்பப் பேசும் படங்களில் ஆட்கள் நின்றபடி பேசுவதற்குக் காரணம் கற்பனை வறட்சி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையான காரணம் கேமராவின் இரைச்சல். ஓடும் கேமரா தையல் இயந்திரம்போலச் சத்தமிடும். அந்தச் சத்தம் மைக்ரோஃபோனில் விழக்கூடாது என்று கேமராவையும் அதை இயக்குபவரையும் சத்தம் வெளியேறாத ஓர் அறைக்குள் அடைத்து, கண்ணாடிச் சன்னல் வழியாகப் படமெடுத்தார்கள். மௌனப்படத்தின் கடைசி ஆண்டுகளில் பறவைபோல மிதந்து திரிந்த கேமரா, திடீரென்று தரையில் ஊன்றப்பட்டுவிட்டது. மைக்ரோஃபோனுக்கும் வெகு அருகில் கேட்பதே தெளிவாகக் கேட்டது. பூச்சாடியிலோ மேசை விளக்கிலோ ஒளித்து வைத்த மைக்கை விட்டு நடிகர் விலக முடியாது.

இன்னொரு தடை இன்று நம்மால் எளிதில் கற்பனை செய்ய முடியாதது. தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைப் பிறகு ஒன்றாகக் கலக்கும் வசதி அப்போது நடைமுறையில் இல்லை. 1930-இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'மர்டர்' படத்தில், ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டே மனத்துக்குள் யோசிக்கும் குரல் நமக்குக் கேட்கிறது. அதே நேரத்தில் வானொலியில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையும் ஒலிக்கிறது. குரலை முன்கூட்டியே பதிந்து படப்பிடிப்பின்போது ஓடவிட்டார்கள். இசைக்காக அரங்கச் சுவரின் பின்னால் ஒரு முழு இசைக்குழுவையே உட்காரவைத்து நேரடியாக வாசிக்கச் செய்தார்கள். நடிகர் ஹெர்பர்ட் மார்ஷல் உதட்டை அசைக்காமல் சவரக் கத்தியோடு கண்ணாடி முன் நின்றார். இன்று ஒரு கல்லூரி மாணவர் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலை அது.

ஒலியால் மட்டுமே சாத்தியமானவற்றைத் தேட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்தவர்கள் உண்டு. சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்ஸாண்ட்ரோவ் மூவரும் 1928-இல் வெளியிட்ட அறிக்கையில், உதட்டசைவுக்கு ஏற்ற பேச்சை மட்டும் ஒட்டினால் சினிமா படமாக்கப்பட்ட மேடை நாடகமாகிவிடும், காட்சியோடு ஒலி முரண்பட்டு நிற்கும்படி பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அந்த முரண்பாட்டுக்கு மிகவும் பொருந்தும் களமாக அமைந்தது த்ரில்லர். காரணம் நாம் முன்பே கண்டதுதான்: கண்ணும் காதும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பயம் பிறக்கிறது.

ஒரே சொல் மட்டும் கேட்கும் காலை

ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' 1929-இல் மௌனப்படமாகத் தொடங்கி, படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிக்கு மாறிய படம். ஒலிப் பிரதி, மௌனப் பிரதி என்று இரண்டும் வெளியாயின. பிரிட்டனின் பெரும்பாலான அரங்குகளில் அப்போது ஒலிக்கருவி கிடையாது. ஒலிப் பிரதியின் முதல் சில நிமிடங்கள், காவலர்கள் வண்டியில் விரைந்து ஒருவனைப் பிடித்து விசாரிக்கும் பகுதி, இசையோடு கூடிய மௌனப்படமாகவே ஓடுகிறது. பிறகு இரண்டு துப்பறிவாளர்கள் நடைவழியில் பேசத் தொடங்குகிறார்கள். ஒரு கலை இன்னொரு கலையாக மாறும் தருணத்தை ஒரே படத்துக்குள் காணக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாயகியாக நடித்த அன்னி ஓண்ட்ரா பிராகில் வளர்ந்த செக் நடிகை. அவருடைய உச்சரிப்பு லண்டன் கடைக்காரரின் மகளுக்குப் பொருந்தவில்லை. பிறகு வேறு குரல் சேர்க்கும் வசதியும் இல்லை. ஆகவே ஜோன் பாரி என்ற ஆங்கில நடிகை கேமராவின் பார்வைக்கு வெளியே மைக்ரோஃபோன் முன் நின்று வசனத்தைப் பேச, ஓண்ட்ரா அதே நேரத்தில் உதட்டை அசைத்தார். பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே பொம்மைக்கும் உயிர் இருக்கிறது, அது அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நடிக்கிறது.

கதையில் ஆலிஸ் என்ற அந்தப் பெண், தன்னை வன்கொடுமை செய்ய முயன்ற ஓவியனை ரொட்டி வெட்டும் கத்தியால் குத்திவிடுகிறாள். கொலை திரைச்சீலைக்குப் பின்னால் நடக்கிறது. நமக்குத் தெரிவது சீலையின் அசைவும், வெளியே நீண்டு கத்தியைத் தேடும் ஒரு கையும்தான். இரவெல்லாம் தெருக்களில் அலைந்தவள், படுத்துக் கிடக்கும் ஒரு பிச்சைக்காரரின் நீட்டிய கையைக் கண்டு வாய் திறக்கிறாள். அலறல் கேட்கிறது, ஆனால் அதே அலறலோடு காட்சி மாறி, பிணத்தைக் கண்டு அலறும் வீட்டுக்காரம்மாளிடம் போய் நிற்கிறது. யாருடைய அலறல் நம் காதில் விழுந்தது என்று ஒரு கணம் நமக்குத் தெரிவதில்லை.

மறுநாள் காலை உணவு வேளையில் வரும் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். ஆலிஸ் மேசை முன் உட்கார்ந்திருக்கிறாள். வம்பு பேசும் அண்டைவீட்டுப் பெண்மணி ஒருவர், கொலையைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார். கேமரா ஆலிஸின் முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பெண்மணியின் பேச்சு மெல்ல மெல்லத் தெளிவிழந்து முணுமுணுப்பாகக் கரைகிறது. 'நைஃப்', அதாவது கத்தி என்ற ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு முறையும் துல்லியமாகக் கேட்கிறது. அப்பா அவளிடம் ரொட்டி வெட்டச் சொல்ல, அவள் கத்தியை எடுக்க, கடைசியாக அந்தச் சொல் உரத்து வெடிக்க, கத்தி அவள் கையிலிருந்து பறந்து விழுகிறது.

அறையில் ஒலிப்பதை விட்டு ஒரு பாத்திரத்தின் மனத்தில் ஒலிப்பதைக் கேட்கச் செய்வதற்கு அகநிலை ஒலி என்று பெயர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவர் நீளமாக விளக்கும்போது, அவர் சொன்ன ஒரே ஒரு நோயின் பெயர் மட்டும் தாயின் காதில் நின்று மற்றதெல்லாம் கரைந்துபோவதை நாம் அறிவோம். அந்த அனுபவத்தை ஒலி கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஒருவர் படமாக்கிவிட்டார். 'த லாட்ஜர்' படத்தின் கண்ணாடிக் கூரையும் இந்தக் கத்தியும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது: அங்கே காதில் விழுந்ததைக் கண் பார்த்தது, இங்கே முகம் மறைக்க முயல்வதைக் காது கேட்கிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: கருவிகள் முரடானவை, கேமரா கட்டுண்டு கிடந்தது, ஒலிகளைக் கலக்க முடியவில்லை. எதைக் கேட்கவைப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மட்டும் இருந்தது. அந்தத் தேர்வைச் செய்தவர்களின் படங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

'எம்': விசிலும் வெற்றுப் படிக்கட்டும்

ஃபிரிட்ஸ் லாங்கின் முதல் பேசும் படமான 'எம்', 1931 மே மாதம் பெர்லினில் வெளியானது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' திரைக்கு வந்ததும் அதே ஆண்டு அக்டோபரில்தான். நம்மவர்கள் ஒலியைப் பாட்டுக்கான வாசலாகக் கண்ட அதே ஆண்டில், லாங் அதை அச்சத்துக்கான வாசலாகக் கண்டார்.

குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைக் காவல்துறையும் குற்றவாளிக் கும்பல்களும் தனித்தனியே தேடும் கதை இது. படத்துக்கென்று பின்னணி இசை கிடையாது. தெருக் காட்சிகள் பலவற்றில் ஓசையே இல்லை. பழைய பிரதியில் ஒலி அழிந்துவிட்டதோ என்று பலர் நினைப்பது இந்த இடங்களில்தான். லாங் வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார். அமைதியை ஆழமாகத் தோண்டி வைத்தால் அதில் விழும் ஒவ்வோர் ஓசையும் கிணற்றில் விழுந்த கல்போல எதிரொலிக்கும்.

தொடக்கக் காட்சியைச் சற்று விரிவாகவே பார்ப்போம். முற்றத்தில் சிறுமிகள் வட்டமாக நின்று, கொலைகாரனைப் பற்றிய ஒரு விளையாட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் துணி துவைக்கும் ஒரு தாய், பள்ளியிலிருந்து வரவேண்டிய தன் மகள் எல்ஸிக்காகச் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறாள். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. தெருவில் பந்தைத் தட்டியபடி வரும் எல்ஸி, ஒரு விளம்பரத் தூணின் மேல் பந்தை எறிந்து விளையாடுகிறாள். தூணில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, கொலைகாரனைப் பிடித்துத் தருபவருக்கு 10,000 மார்க் பரிசு என்கிறது. அந்த அறிவிப்பின் மேல் தொப்பியணிந்த ஒரு நிழல் விழுகிறது. பந்து அழகாக இருக்கிறது, உன் பெயர் என்ன என்று ஒரு குரல் அன்பாகக் கேட்கிறது. முகம் காட்டப்படவில்லை.

அதன் பிறகு பார்வையற்ற ஒரு வியாபாரியிடம் அவன் எல்ஸிக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். வாங்கும்போது ஒரு மெட்டை விசிலடிக்கிறான். நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 'பியர் கிண்ட்' நாடகத்துக்காக எழுதிய மலையரசன் மண்டப இசை அது. வீட்டில் தாய்க்கு மாடிப்படியில் காலடி கேட்கிறது, வேறு குழந்தைகள். அழைப்பு மணி அடிக்கிறது, தொடர்கதை இதழ் விற்பவர். ஓசை வரும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்து பிறகு வாடுகிறது. இறுதியில் அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். கூப்பிடும் குரலின் மேல் லாங் காட்டுவது இவற்றை: ஆளில்லாத படிக்கட்டு, துணி காயும் வெறும் மாடியறை, தொடாத சாப்பாட்டுத் தட்டு. குரல் தேய்கிறது. புதருக்குள்ளிருந்து பந்து உருண்டுவந்து நிற்கிறது. பலூன் தந்திக்கம்பியில் சிக்கித் துடித்துவிட்டுக் காற்றோடு போகிறது. கொலை நடந்துவிட்டது, நாம் ஒரு கையைக்கூடப் பார்க்கவில்லை, ஓர் அலறலைக்கூடக் கேட்கவில்லை.

சட்டகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமிருந்தோ ஒரு பொருளிடமிருந்தோ வரும் ஓசைக்குத் திரைக்கு வெளியிலான ஒலி என்று பெயர். எல்ஸியின் தாயின் குரல் அத்தகையது. அது ஒவ்வொரு வெற்றிடமாகத் தேடிச் செல்கிறது, பதில் இல்லை. மௌனப்படத்தில் இந்தப் படிக்கட்டும் தட்டும் பந்தும் காட்டப்பட்டிருக்க முடியும். ஆனால் பதிலில்லாமல் போகும் ஒரு குரலைக் காட்டியிருக்க முடியாது. முழுக்கப் பேச்சாக எடுத்த படத்தில் அந்தக் குரலைக் கேட்டிருக்க முடியும். ஆனால் அந்தச் சாப்பாட்டுத் தட்டைப் பேசவைக்கத் தெரிந்திருக்காது. இந்தக் காட்சி மாறுதல் காலத்தில்தான் பிறந்திருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொலைகாரனாக நடித்த பீட்டர் லோருக்கு விசிலடிக்க வராது. படத்தில் கேட்கும் விசில் தன்னுடையதே என்று லாங் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த விசில் படம் முழுவதும் அவனுக்கு முன்னே வருகிறது. அவன் முகம் நமக்குப் பழகுவதற்கு முன்பே மெட்டு பழகிவிடுகிறது. காவல்துறை கைரேகையும் வரைபடமும் வைத்துக்கொண்டு திணறும்போது, அவனை அடையாளம் காண்பவர் கண் தெரியாத அந்தப் பலூன் வியாபாரி, அதே விசிலைக் கேட்டு. அவர் ஓர் இளைஞனிடம் சொல்ல, அவன் உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் 'எம்' என்று எழுதி அதைக் கொலைகாரனின் தோளில் பதித்துவிடுகிறான். கொலைகாரன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. பிறகு ஓர் அலுவலகக் கட்டடத்தின் பரணில் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுப்பதும் ஓசையே: பூட்டிய கதவைத் திறக்க அவன் ஆணியைத் தட்டி நிமிர்த்தும் சத்தம். இத்தனை கூர்மையாகக் காதை நம்பும் கதையை, காது புதிதாகக் கிடைத்த ஒருவர்தான் எழுத முடியும்.

இந்தப் படத்தில் இன்னொரு புதுமையும் உண்டு. காவல்துறைத் தலைவர் அமைச்சரிடம் தொலைபேசியில் தங்கள் முயற்சிகளை விவரிக்கும்போது, அவர் குரல் தொடர, காட்சி மட்டும் புதர்களைச் சலிக்கும் காவலர்களிடமும் பெரிதாக்கிய கைரேகையிடமும் போகிறது. ஓரிடத்தில் தொடங்கிய ஒலி இன்னோர் இடத்துக் காட்சியின் மேல் தொடர்வதை ஒலிப்பாலம் என்பார்கள். இன்றைய துப்பறியும் தொடர் எதுவும் இது இல்லாமல் ஓடுவதில்லை.

திடுக்கிடலும் பதைப்பும்

த்ரில்லரைப் பற்றிப் பேசுகையில் திடுக்கிடலையும் பதைப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். எதிர்பாராதது நேரும்போது வருவது திடுக்கிடல். ஒரு நொடியில் தீர்ந்துவிடும். நேரப்போவது நமக்குத் தெரிந்து, எப்போது என்பது மட்டும் தெரியாமல் காத்திருப்பது பதைப்பு. அதை நிமிடக்கணக்கில் நீட்டலாம். ஹிட்ச்காக் 1934-இல் எடுத்த 'த மேன் ஹூ நியூ டூ மச்' படத்தில், லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஓர் இசைநிகழ்ச்சியின்போது வெளிநாட்டு அரசியல் தலைவர் ஒருவரைச் சுட வேண்டும். ஜால்ராபோன்ற பெரிய தட்டுகள் மோதும் கணத்தில் துப்பாக்கிச் சத்தம் வெளியே தெரியாது. கொலையாளிக்கு அந்த இசையின் இசைத்தட்டை முன்கூட்டியே போட்டுக் காட்டுகிறார்கள், நமக்கும் அது கேட்கிறது. ஆகவே அரங்கில் இசை தொடங்கும்போது நம் காதே கடிகாரமாகிவிடுகிறது. படம் கடத்தப்பட்ட குழந்தையின் தாயைக் காட்டுகிறது, திரைமறைவைக் காட்டுகிறது, தட்டுகளைக் கையில் எடுக்கும் கலைஞரைக் காட்டுகிறது. வசனம் கிடையாது. படத்தொகுப்பு முழுவதும் மௌனப்படத்தினுடையது, அதை இழுத்துச் செல்லும் கயிறு மட்டும் ஒலி.

லாங்கும் 1933-இல் 'டாக்டர் மபூஸின் உயில்' படத்தில் இதே திசையில் இன்னும் தூரம் போனார். முதல் காட்சியில் ஓர் இயந்திரத்தின் அதிர்வு மற்ற எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. கும்பலுக்குத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கட்டளையிடும் தலைவனிடம் போய்ப் பார்த்தால், அங்கே ஓர் அட்டை உருவமும் ஒலிபெருக்கியும்தான் இருக்கின்றன. உடலில்லாத குரலுக்கு ஒரு கூட்டமே கீழ்ப்படிகிறது. நாஜி அரசு அந்தப் படத்தை 1933 மார்ச்சில் ஜெர்மனியில் தடை செய்தது.

பார்க்க உட்காரும்போது

புதிதாகத் தொடங்குபவர் 'பிளாக்மெயில்', 'எம்' என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. 'பிளாக்மெயில்' படத்தின் மௌனப் பிரதியும் கிடைக்கிறது. இரண்டையும் பார்க்க வாய்த்தால் காலை உணவுக் காட்சியை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். 'எம்' படத்துக்கு, பிறகு யாரும் இசையோ ஓசையோ சேர்க்காத, மீட்டெடுக்கப்பட்ட பிரதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அமைதியான இடங்களை யாரோ நிரப்பிவிட்ட பிரதியில் படத்தின் பாதி உயிர் போய்விடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்ப்பது வீட்டில் சாத்தியமானவற்றில் சிறந்தது. வசனத் துணையெழுத்துகள் கண்ணைத் திரையின் அடிப்பகுதிக்கு இழுக்கும் என்பதால், முதல் பத்து நிமிடங்களை இரண்டு முறை பார்த்துவிடுவது உதவும்.

இரண்டாம் முறை, தாய் தட்டு வைக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கடிகாரம், பந்து, ஒரு நல்ல குரல், விசில், படிக்கட்டில் காலடி, அழைப்பு மணி, பிறகு ஒரு பெயர் மறுபடியும் மறுபடியும். அந்தப் பெயரும் கேட்காமல் போனதும் கண்ணைத் திறந்தால், திரையில் முதலில் பந்து இருக்கும், அடுத்து கம்பியில் சிக்கிய பலூன்.